ரத்தினசாமியின் தொண்ணூற்றிரண்டு

கேரள எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குப் போய்வரும் செம்பகவல்லி பஸ்ஸுக்கு ஊர் வைத்திருந்த பெயர் 'மாப்பிள்ளை ஊர்வலம்'. வைத்தவர் வேறு யாருமில்லை, அந்த பஸ்ஸை ஓட்டிய ரத்தினசாமியின் மச்சான் நஞ்சப்பன்தான். மனைவியின் அண்ணன் வைத்த பெயரைத் திருப்பிக் கொடுக்கவா முடியும்? ரத்தினசாமி சிரித்தபடி வாங்கிக்கொண்டார்.

பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. முட்டைக்கூடைக்காரிகள் அந்த பஸ்ஸுக்காகவே காத்துக் கிடப்பார்கள். தயிர்ப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறுகிறவளும், பிள்ளை பெற்று ஊருக்குத் திரும்புகிறவளும், வாயுப்பிடிப்புக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு வருகிற கவுண்டரும் செம்பகவல்லியைத்தான் தேடுவார்கள். ரோட்டில் கோழி குறுக்கே போனால், அது போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும்வரை ரத்தினசாமி வண்டியை நிறுத்திவைப்பார். பின்னால் லாரிக்காரன் என்ன திட்டினாலும் அவர் காதில் ஏறாது.

வயசுப் பையன்கள் மட்டும் அதில் ஏறமாட்டார்கள். அவர்களுக்கு அதே தடத்தில் ஓடிய இன்னொரு பஸ் இருந்தது. அதை ஓட்டியவன் கபிரியேல். சட்டைப் பொத்தானைப் போடாமல், ஒரு கையை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டு, மறு கையால் ஸ்டியரிங்கைச் சுற்றுவான். அவன் வண்டி கடைவீதிக்குள் வந்து நிற்கும்போது கிளம்புகிற புழுதியில் டீக்கடைக்காரர் டீயை மூடிவைப்பார். புழுதிக்காக யாரும் அவனைத் திட்டியதில்லை. ஆள் அப்படி என்று பெருமையாகச் சொல்வார்கள்.

ரத்தினசாமிக்கு இதில் வருத்தம் உண்டு. வெளியே சிரித்தாலும் உண்டு. கல்யாண வீடுகளில் பந்திக்கு உட்காரும்போது நஞ்சப்பன் ஊர்வலப் பேச்சை எடுப்பார், நான்கு பேர் சிரிப்பார்கள், அந்த நான்கு பேருக்குப் பின்னால் அவர் மனைவி ராமாத்தாள் பரிமாறிக்கொண்டு நிற்பாள். அவள் சிரிக்கிறாளா இல்லையா என்று நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் வந்ததில்லை. வேகமான ஒருவனைக் கட்டியிருக்கலாம் என்று அவள் ஒரு நாளாவது நினைத்திருப்பாளோ என்பதுதான் அவர் மனசில் இருந்த முள்.

எழுபத்து நான்காம் வருஷம் தை மாதம் வேகத்தை அளக்கும் பெட்டி வந்தது.

பெட்டியோடு வந்தவர் சுப்பராமன். பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்து, திருவனந்தபுரத்தில் போக்குவரத்து இலாகாவில் உத்தியோகம் பார்ப்பவர். சீமையிலிருந்து வந்த பெட்டி என்பதால் அதை வேறு யாரும் தொட விடமாட்டார். அதன் சங்கதி இவ்வளவுதான்: ரோட்டின் குறுக்கே இரண்டு ரப்பர் குழாய்களைக் கொஞ்ச தூரம் இடைவெளி விட்டுப் பதிப்பார்கள். வண்டிச் சக்கரம் முதல் குழாயை மிதித்ததும் பெட்டிக்குள் கடிகாரம் ஓடத் தொடங்கும். இரண்டாம் குழாயை மிதித்ததும் நிற்கும். எவ்வளவு சீக்கிரம் நிற்கிறதோ அவ்வளவு வேகம் என்று முள் ஏறி நின்று காட்டும். அளக்க மனுஷனே வேண்டாம், கண் ஏமாறும் கை நடுங்கும் என்ற பேச்சே இல்லை என்று சுப்பராமன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

குழாய் பதிக்க அவர் தேர்ந்தெடுத்தது நஞ்சப்பனின் காட்டை ஒட்டிய நேர் ரோடு. தை பிறந்தால் அந்த ரோடு பாதி ரோடு, பாதி களம். பிடுங்கிக் காயவைத்த கொள்ளுச் செடியை முழங்கால் உயரத்துக்குத் தாரில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற சக்கரமெல்லாம் ஏறி மிதித்து நெற்றை உடைத்துக் கொடுக்கும். வண்டி வராத நேரத்தில் பெண்கள் இறங்கி, நீளத் தடியால் அடித்து, கிளறிப் புரட்டிப்போட்டுவிட்டு ஓரத்துக்கு ஓடுவார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தூசியைக் கொண்டுபோய்விடும், கொள்ளு கீழே நிற்கும். காசில்லாமல் போரடித்துக் கொடுக்க கவர்மெண்டே ரோடு போட்டிருக்கிறது என்பது நஞ்சப்பனின் கணக்கு. ராமாத்தாளும் அந்த நாட்களில் அண்ணன் காட்டுக்கு வந்துவிடுவாள்.

சுப்பராமனுக்கு அந்தக் கொள்ளைப் பார்த்ததும் ஒரே குஷி. குழாய் வெளியே தெரிந்தால் டிரைவர்கள் உஷாராகிவிடுவார்கள். முதல் குழாயைப் புளியமரத்து நிழலில் கறுப்போடு கறுப்பாகப் படுக்கவைத்தார். இரண்டாவதைக் கொள்ளுப் பரப்பின் முனையில், செடிக்கு அடியில் ஒளித்துவைத்தார். பெட்டியையும் தன்னையும் நஞ்சப்பனின் மோட்டார் ரூமுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். வேகம் மிஞ்சினால் அவர் பின்பக்கச் சந்து வழியாகச் சிவப்புக் கொடியை நீட்டுவார். அதைப் பார்த்து அடுத்த திருப்பத்தில் நிற்கும் கான்ஸ்டபிள் வண்டியை மடக்குவார்.

பெட்டி காலையில் நன்றாகத்தான் வேலை செய்தது. வாளையார்ப் பக்கமிருந்து சிமெண்ட் ஏற்றி வந்த இரண்டு லாரிகள் மாட்டின, இரண்டுமே நிஜமாகப் பறந்து வந்தவை. அப்புறம் கபிரியேலின் பஸ் வந்தது. பையன்கள் படியில் தொங்கினார்கள், விசில் பறந்தது, பாட்டுச் சத்தம் கேட்டது. முள் நாற்பத்தெட்டில் நின்றது. சட்டப்படி பஸ் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வரை போகலாம். கொடி நீளவில்லை, கபிரியேல் யாரும் மடக்காமலேயே போய்விட்டான்.

அவனுக்குப் பின்னால், எப்போதும் போல ஆடி அசைந்து, செம்பகவல்லி வந்தது. புளியமரத்தருகே ரத்தினசாமி வழக்கம்போல ஹாரனை ஒரு தடவை அழுத்தினார். கொள்ளின் மேல் மெதுவாக ஏறி இறங்கினார். மோட்டார் ரூமுக்குள் சுப்பராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டு முள்ளை இன்னொரு தடவை பார்த்தார். தொண்ணூற்றிரண்டு.

கொடி நீண்டது. திருப்பத்தில் நின்ற கான்ஸ்டபிள் கொடியைப் பார்த்துவிட்டு, பறந்துவரும் வண்டியை மடக்கத் தயாராக ரோட்டின் நடுவே வந்து கையை நீட்டினார். வண்டி வரவில்லை. கை வலித்ததால் கீழே போட்டார். ஒரு பீடியைப் பற்றவைத்தார். பீடி முக்கால் தீர்ந்தபோது செம்பகவல்லி முக்கி முனகிக்கொண்டு வந்து, அவர் கையைக் காட்டுவதற்கு முன்பே, ஆள் நிற்கிறாரே என்று தானாகவே நின்றது.

சுப்பராமன் மோட்டார் ரூமிலிருந்து ஓடிவந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"தொண்ணூத்திரண்டு. லிமிட் அம்பது. என்ன ஓய், இத்தனை ஜனத்தை ஏத்திண்டு எங்கே பறக்கறீர்?"

"நானுங்களா?" என்றார் ரத்தினசாமி.

"பெட்டி சொல்றது."

"பெட்டி வேற ஆரையோ பாத்துட்டுச் சொல்லுதாட்டிருக்குதுங்க."

"அதுக்குப் பாக்கக் கண்ணே கிடையாது. அதனாலதான் பொய் சொல்லாது. பெட்டிக்கு உம்ம மேல என்ன விரோதம்?"

பெட்டிக்கும் தனக்கும் விரோதம் எதுவும் இருப்பதாக ரத்தினசாமிக்குத் தெரியவில்லை. கான்ஸ்டபிள் தயங்கித் தயங்கி, வண்டி வந்து சேர ரொம்ப நேரம் ஆயிற்று என்று சொல்லிப் பார்த்தார். பெட்டியைத் தாண்டிய பிறகு வேகத்தைக் குறைத்திருப்பான் என்று சுப்பராமன் அடித்துச் சொல்லிவிட்டார். வழக்குப் பதிவாயிற்று.

விஷயம் செம்பகவல்லிக்கு முன்பே பொள்ளாச்சி போய்ச் சேர்ந்துவிட்டது. அதில் ஒன்றும் ஆச்சரியமில்லை, நடந்து போனவனே முந்தியிருப்பான். சாயங்காலம் ரத்தினசாமி கொழிஞ்சாம்பாறை திரும்பியபோது கடைவீதியில் ஒரு கூட்டம். டீக்கடைக்காரர் கூப்பிட்டு டீ கொடுத்தார். பையன்கள் பஸ்ஸைச் சுற்றிவந்து டயரைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவன் தொண்ணூற்றிரண்டா என்று கேட்டான். ரத்தினசாமி இல்லை என்று தலையை ஆட்டுவதற்குள் இன்னொருவன் தன்னடக்கத்தைப் பாருடா என்றான்.

அடுத்த நாள் முதல் செம்பகவல்லியின் படியில் பையன்கள் தொங்கினார்கள். வண்டி மெதுவாகத்தான் போயிற்று. அவர்கள் அதையும் பெருமையாகவே எடுத்துக்கொண்டார்கள். கேஸ் நடக்கிறதல்லவா, அதனால் அடக்கி ஓட்டுகிறார், தீரட்டும் பார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். நஞ்சப்பன் ஊர்வலம் என்ற வார்த்தையையே விட்டுவிட்டார். கோயில் நோம்பித் திருவிழாவில் ரத்தினசாமியைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைத்து, எங்க மாப்பிள்ளை என்று அடுத்த ஊர்க்காரரிடம் அறிமுகம் செய்தார். பாவம், கபிரியேலின் நிலைமைதான் பரிதாபமாகப் போயிற்று. அவன் போகிற இடமெல்லாம் நாற்பத்தெட்டு என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தான்.

உண்மையைச் சொன்னால், ரத்தினசாமிக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. கண்ணாடியில் மீசையை இரண்டு தடவை முறுக்கினார். ஆனால் சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். லைசன்ஸ் போனால் டிரைவர் சீட் போகும். சீட்டை விட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. வழக்கு ருசுவானால் வேறு ஆள் போட்டுக்கொள்வேன் என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். அதே முதலாளிதான், வண்டி ஐம்பதுக்கு மேல் போகாது என்று மெக்கானிக்கை விட்டுச் சாட்சி சொல்லவைக்கும்படி ரத்தினசாமி கேட்டதும், என் வண்டியைக் கோர்ட்டில் வைத்துக் கேவலப்படுத்தாதே என்று கையெடுத்துக் கும்பிட்டார். கலெக்ஷன் ஏறியிருந்த நேரம் அது.

ராமாத்தாள் ஒன்றும் கேட்கவில்லை. அவள் அன்றைக்கு அந்த ரோட்டிலேயே தடியும் கையுமாக நின்றவள், வண்டி எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனாலும் ஊர்ப் பெண்கள் தண்ணிக்குழாயடியில் உங்க ஊட்டுக்காரரு பறந்துட்டாராமே என்று கேட்டபோது அவள் வெறுமனே சிரித்தாள் என்று ரத்தினசாமியின் காதுக்கு வந்தது. ராத்திரிச் சோற்றுக்கு முட்டைக் குழம்பு வைத்தாள். வேகமான புருஷன் என்ற பேர் அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று அவர் முடிவுகட்டிவிட்டார். பிடித்ததை எடுத்துக் கெடுப்பானேன் என்று அவரும் வாயைத் திறக்கவில்லை.

வக்கீலாகக் கிடைத்தவர் ராமபத்ரன், அவரும் கல்பாத்திதான். சுப்பராமனும் அவரும் ஒரே தெருவில் பந்து விளையாடி, ஒரே ஜன்னல் கண்ணாடியை உடைத்தவர்கள். பெட்டியைப் பற்றிக் கேட்டதும் ராமபத்ரனுக்கு வியர்த்துவிட்டது.

"சட்டம் இப்படியாக்கும் கேட்டேளா. ஒருத்தன் கண்ணால பாத்து, வேகமாப் போனான்னு சொன்னா அது மட்டும் போறாது. ஆனா ஒரு கருவி அளந்து சொன்னா போறும். நம்ம கேஸ்ல கருவி அளந்துடுத்து. மனுஷ சாட்சின்னா நான் கூண்டுல நிறுத்தி ஆட்டிப்படைப்பேன். பெட்டியை நிறுத்தி என்னத்தைக் கேக்கறது?"

பெட்டி சொன்னது பொய் என்று காட்ட, பஸ்ஸில் இருந்தவர்களை அழைத்துவரலாம் என்றார். அங்கேதான் வம்பு வந்தது. அன்றைக்குப் பயணம் செய்த ஒருவர்கூட மெதுவாகப் போனதாகச் சொல்லத் தயாரில்லை. பறந்த பஸ்ஸில் இருந்தோம் என்ற பெருமையை யார் விடுவார்கள்? காற்றில் முண்டாசு போய்விட்டது என்றார் ஒருவர். முட்டைக்காரி சின்னத்தாய், கூடையில் முட்டைகளெல்லாம் துள்ளிக் குதித்தன, ஒன்றுகூட உடையவில்லை, அதுதான் டிரைவரின் கைத்திறமை என்று சொல்லி வக்கீலைத் தலையில் கைவைக்கச் செய்தாள். அன்று பஸ்ஸில் ஏறாதவர்கள்கூட ஏறியதாகச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

கடைசியில் ராமபத்ரன் ராமாத்தாளைக் கேட்டார். அவள் அன்று அங்கே நின்றவள்தானே. அவள் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள்.

"நான் குனிஞ்சு வேலை செஞ்சுட்டிருந்தனுங்க. நிமிந்து பாக்கலீங்க."

பெண்டாட்டி சொல்வது எப்படியும் எடுபடாது என்று சொல்லிவிட்டு ராமபத்ரன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரத்தினசாமிதான் அதை நெஞ்சில் பொத்தி வைத்துக்கொண்டார். தன் பேரைக் காப்பாற்ற அவள் பொய் சொல்கிறாள் என்று அவருக்கு ஒரு பக்கம் பெருமை. ஒரு பக்கம் லைசன்ஸ் கவலை.

பாலக்காட்டுச் சித்தூர் கோர்ட்டில் ராமபத்ரன் எழுந்து நின்று ஒரே ஒரு வாதத்தைத்தான் பிடித்துக்கொண்டார். பெட்டிக்குக் கண் இல்லை என்கிறார்கள். கண் இல்லாதவன் எதைப் பார்த்து, இந்த பஸ்தான் என்று சாட்சி சொல்கிறான்? பெட்டி சரியானதா என்று சோதித்தவர் யார்? பெட்டிக்காரரே. அதை அவரே சரி என்றால் நாம் எப்படி நம்புவது? மாஜிஸ்திரேட் தெற்கத்திக்காரர், கொஞ்சமாகப் பேசுகிறவர். அவர் இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, பெட்டியை நான் இங்கே கூண்டில் ஏற்ற முடியாது, அது இருக்கும் இடத்துக்கு நானே வருகிறேன் என்றார்.

அவர் வந்த அன்று நேர் ரோட்டின் இரண்டு ஓரமும் ஜனம். திருவிழாவுக்கு வருகிற ஐஸ்காரர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். கபிரியேலும் வந்திருந்தான். பெட்டி தப்பு என்று ஆனால் தன் நாற்பத்தெட்டும் தப்பு என்று ஆகிவிடும் அல்லவா, அதனால் அங்கே ரத்தினசாமியின் விடுதலைக்காக அவனைவிட அதிகமாக வேண்டிக்கொண்டவர் யாருமில்லை. நஞ்சப்பன் கடைசிக் கொள்ளுப் போரைப் பிரிக்காமல் வைத்திருந்தார். மாஜிஸ்திரேட்டுக்கு வழியாக இருக்கட்டும் என்று ரோட்டைச் சுத்தமாகக் கூட்டியும் வைத்திருந்தார்.

முதல் சோதனை. குழாய்கள் இரண்டும் வெட்டவெளியில் கிடந்தன. ரத்தினசாமி ஹாரனை அடித்து, தன் வழக்கமான வேகத்தில் செம்பகவல்லியை ஓட்டிக்கொண்டு போனார். மோட்டார் ரூமின் கதவு திறந்திருந்தது. மாஜிஸ்திரேட் முள்ளைப் பார்த்தார். இருபத்திரண்டு.

இருபத்திரண்டு என்று சொன்னதும் கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்துக் கபிரியேல் தானாகவே முன்வந்து தன் பஸ்ஸை முழு மூச்சாக விரட்டினான். நாற்பத்தொன்பது. இன்னொரு முறை விரட்டினான். நாற்பத்தேழு. ஸ்டியரிங்கிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டான். கோர்ட் ஜீப்பையும் ஓட்டிப் பார்த்தார்கள், அதன் மீட்டரும் பெட்டியும் ஒரே எண்ணைக் காட்டின.

பெட்டி சுத்தமான யோக்கியன் என்று நிரூபணமாயிற்று. அது யோக்கியமானால் தொண்ணூற்றிரண்டும் நிஜம். ராமபத்ரன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். ரத்தினசாமி போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். அந்த சீட்டின் கிழிந்த ரெக்சினைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டார். முதல் தடவையாக அவருக்கு அந்தப் பேரும் புகழும் ஒரு மண்ணும் வேண்டாம் என்று தோன்றியது.

அத்தோடு விட்டிருந்தால் சுப்பராமன் ஜெயித்துக்கொண்டு போயிருப்பார். ஆனால் மனுஷருக்குக் குஷி தாங்கவில்லை. அன்றைக்குக் கொள்ளு பரப்பியிருந்தது, அதன் அடியில்தான் இரண்டாம் குழாய் இருந்தது, கொள்ளால் பெட்டி குழம்பிவிட்டது என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது, ஆகவே அதே மாதிரி கொள்ளைப் பரப்பியும் சோதிக்க வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார். இருக்கிற சங்கடம் போதாதா என்று ராமபத்ரன் எழுந்து ஆட்சேபித்தார். வாதியின் வேண்டுகோளைப் பிரதிவாதி வக்கீல் தடுக்க, மாஜிஸ்திரேட் முதல் தடவையாகச் சிரித்தார். பரப்பச் சொன்னார். அடிக்கிறவர்களும் அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கட்டும், வழக்கமாகச் செய்கிற வேலையைச் செய்யட்டும் என்றார்.

கடைசிப் போர் பிரிந்து ரோட்டில் விழுந்தது. பெண்கள் தடியோடு இறங்கினார்கள். பரப்பின் முனையில் ராமாத்தாள் நின்றாள். ஜீப் முதலில் போனது. அதன் சத்தம் கேட்டதும் பெண்கள் குதித்து ஓரத்துக்குப் போனார்கள். பெட்டியும் மீட்டரும் மறுபடி ஒரே எண். சுப்பராமன் இடுப்பில் கைவைத்துக்கொண்டார்.

பிறகு செம்பகவல்லி வந்தது. புளியமரத்தடியில் ஹாரன் ஒரு தடவை கேட்டது. இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவே அது வந்துகொண்டிருப்பதை எல்லோரும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோட்டார் ரூமுக்குள் முள் துள்ளி ஏறி எண்பத்தொன்பதில் நின்றது. பஸ் அப்போது கொள்ளை நெருங்கக்கூட இல்லை.

மாஜிஸ்திரேட் எண்ணைக் குறித்துக்கொண்டார். இன்னொரு தடவை ஓட்டச் சொல்லிவிட்டு, இந்த முறை முள்ளைப் பார்க்காமல் வாசலில் வந்து நின்றுகொண்டார். ஹாரன் கேட்டது. செம்பகவல்லியின் முன்சக்கரம் முதல் குழாயில் ஏறியது. ராமாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள், பஸ்ஸைக் கண்டாள், தடியை ஓங்கிக் கொள்ளின் மேல் ஒரு போடு போட்டாள். உள்ளே முள் எகிறியது. சுப்பராமனின் 'ஐயோ' என்ற சத்தம் வெளியே கேட்டது. ராமாத்தாள் இன்னும் நாலைந்து போடு போட்டு, செடியைப் புரட்டிவிட்டு, அவசரமே இல்லாமல் ஓரத்துக்குப் போனாள். அவள் போகும்வரை பஸ் நின்றது, பிறகு ஏறியது.

முதல் குழாயை மிதித்தது பஸ். இரண்டாம் குழாயை மிதித்தது ராமாத்தாளின் தடி. பெட்டி பொய் சொல்லவில்லை, இரண்டையும் கூட்டி ஒரே வண்டியாக்கித் தனக்குத் தெரிந்த கணக்கைச் சொல்லிவிட்டது. வேகமாக வந்த எந்த வண்டிக்கும் இந்தத் தப்பு நேரவில்லை. ஊரிலேயே மெதுவான வண்டிக்குத்தான் நேர்ந்தது.

மாஜிஸ்திரேட் ராமாத்தாளைக் கூப்பிட்டார். அவள் முந்தானையால் தலைத்தூசியைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஜீப் வந்தபோது ஓடினாயே, மற்ற எல்லா வண்டிக்கும் ஓடுகிறாயே, இந்த ஒரு பஸ்ஸுக்கு மட்டும் ஏன் ஓடவில்லை என்று கேட்டார். என்ன பதில் சொல்வது என்று அவள் யோசிக்கவே இல்லை.

"மத்த வண்டின்னா உசுருக்குப் பயந்து ஓடிருவமுங்க. இவரு ஆரன் சத்தங் கேட்டா, இன்னும் நாலு அடி அடிச்சுட்டே போலாம்னு இருக்குமுங்க. நாங்க ஒதுங்காம இவரு வரமாட்டாருங்க. என்ற கண்ணாலத்துலயிருந்து இந்த ரோட்டுல கொள்ளு அடிக்கறனுங்க, இவரு வண்டிக்குப் பயப்படோணும்னு எனக்கு ஒரு நாளும் தோணுனதில்லீங்க."

அடிக்கிற மற்றப் பெண்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ரத்தினசாமி வண்டியை அணைத்துவிட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே இதைக் கேட்டார். கடைவீதியில் இத்தனை நாளாக வாங்கிய பேரெல்லாம் சேர்ந்தாலும் இதில் கால்வாசி வராது என்று அவருக்குப் பட்டது. கண்ணாடியில் இல்லாத தூசியைத் துணியால் துடைத்தார்.

தீர்ப்பு அங்கேயே வந்துவிட்டது. எந்திரம் சொல்வதைக் கோர்ட் ஏற்கும், ஆனால் எதை அளந்தாய் என்று கேட்டு அதற்குப் பதில் கிடைத்த பிறகுதான் ஏற்கும் என்று மாஜிஸ்திரேட் சொல்லி, வழக்கைத் தள்ளினார். குழாயைக் கொள்ளுக்கடியில் ஒளித்துவைக்கிற வேலை இனி கூடாது என்று சுப்பராமனுக்கும், கவர்மெண்ட் ரோடு களம் இல்லை என்று நஞ்சப்பனுக்கும் புத்தி சொன்னார். நஞ்சப்பன் பயபக்தியோடு கேட்டுக்கொண்டு, ஜீப் போனதும் மீதிக் கொள்ளைப் பரப்பினார். ராமபத்ரனும் சுப்பராமனும் ஐஸ்காரரிடம் ஒன்றாக நின்று ஐஸ் வாங்கித் தின்றார்கள். கபிரியேல் மட்டும் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டான். அவனுடைய நாற்பத்தெட்டு இப்போது கோர்ட்டே ஒத்துக்கொண்ட நாற்பத்தெட்டு.

பையன்களின் முகம் வாடியிருந்தது. ஊர்வலம் கிளம்பட்டும் என்று அவர்களில் ஒருவன் கத்தினான். நஞ்சப்பன் திரும்பி அவனை முறைத்தார்.

ராமாத்தாள் வந்து டிரைவர் ஜன்னலுக்குக் கீழே நின்றாள். கையில் இன்னும் தடி இருந்தது. ரத்தினசாமி குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"வண்டி எப்படி வந்துச்சுன்னு உனக்குத் தெரியுமல்ல? இத்தன நாளா ஏம் புள்ள ஆருகிட்டயும் சொல்லல?"

"என்ற சொல்லு எடுபடாதுன்னு வக்கீலு ஐயா சொல்லிட்டாருங்க. அதுமில்லாம நீங்க கொஞ்ச நாளா நல்லாச் சிரிச்சுட்டு இருந்தீங்க. அதைய எதுக்குக் கெடுக்கோணும்னு உட்டுட்டனுங்க."

ரத்தினசாமி அவளையே பார்த்தார். "நானு உனக்குத்தான் அது புடிச்சிருக்குதுன்னு நெனச்சுட்டிருந்தேன்."

"எது?"

"வேகமா ஓட்டற புருசன்."

ராமாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தடியை ரோட்டில் ஊன்றிக்கொண்டு சிரித்தாள்.

"ஏனுங்க, நானு பொள்ளாச்சிக்கு எத்தனை தடவ போயிருக்கறேன். அந்தக் கபிரியேலு பஸ்ஸுல ஒரு நாளாச்சும் ஏறியிருக்கறனுங்களா?"

ரத்தினசாமி யோசித்துப் பார்த்தார். ஏறியதே இல்லை. அவசரமாக அம்மா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தபோதும், முன்னால் கபிரியேலின் பஸ் காலியாக நின்றபோதும், அவள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து செம்பகவல்லிக்காகக் காத்திருந்திருக்கிறாள். அத்தனை தடவையும் அவர் அவளைப் பார்த்திருக்கிறார், ஒரு தடவைகூட அது ஏன் என்று தன்னையே கேட்டுக்கொண்டதில்லை.

வண்டியை எடுக்கச் சொல்லிக் கண்டக்டர் விசில் அடித்தான். அதற்குள் பஸ்ஸில் ஏறிவிட்ட முட்டைக்காரி சின்னத்தாய் உள்ளேயிருந்து நேரமாகிறது என்று சத்தம் போட்டாள். ரத்தினசாமி சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ராமாத்தாள் ரோட்டை விட்டு ஓரத்துக்குப் போகட்டும் என்று காத்திருந்து, அப்புறம்தான் எடுத்தார்.